அவள் பேரில் ஒரு வண்டு

தம்பி, அந்த ஸ்பீக்கர் குழாயைச் சித்த இப்படித் திருப்பி வெச்சுக்கறீங்களா? மடியில வேண்டாமுங்க. நமக்கு முன்னால, சீட்டு முதுகுல சாஞ்ச மாதிரி. ஆங், அவ்வளவுதான். வெயிலுங்க, நேரா மூஞ்சியில அடிக்குது. இப்பச் சரியாப் போச்சு.

மைக்செட்டுக்காரருங்களா? எஸ்டேட்டுல மாரியம்மன் நோம்பிக்குக் கட்டிட்டு வர்றீங்களாக்கும். நேத்தெல்லாம் வால்பாறைக் காதையே கிழிச்ச மகராசன் நீங்கதானா! அத்தனை சத்தத்தையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னமா சாதுவா உக்காந்திருக்கீங்க. நல்லதுங்க. நீங்க பேசாதவரு, நான் பேசறவன். பொள்ளாச்சி வரைக்கும் பொழுது போயிரும்.

எனக்கு இந்த மலை ரோடு ஆகறதில்லீங்க. கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சா வயித்தைப் பொரட்டும். பேசிக்கிட்டே வந்தாத் தெரியாது. அதுக்காகத்தான் பேசறேன், வேற ஒண்ணுமில்லீங்க. காலையில இருந்து பச்சைத் தண்ணிதான். போன இடத்துல சோறு தடபுடலாத்தான் போட்டாங்க. எறங்கலை. வயித்துக்குள்ள எரிச்சல். என்ற ஊட்டுக்காரம்மா இருந்தா, "யாரோ மாசாணியம்மன் கோயில்ல மொளகா அரைச்சுட்டாங்க"ன்னு சொல்லியிருப்பா. உங்களுக்குத் தெரியுமில்லீங்க, ஆனைமலையில, அநியாயம் பட்டவங்க போய் அந்தக் கல்லுல மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்தா, அநியாயம் பண்ணுனவனுக்கு எரியுமாமா. நமக்கு யாருங்க அரைக்கப் போறாங்க? நான் யாரு வம்புக்கும் போறதில்லை.

பேரு தண்டபாணிங்க. காலேஜுல விலங்கியல் புரொபசரு. விலங்குன்ன உடனே யானை புலின்னு நினைச்சுக்காதீங்க. வண்டு. அதுலயும் ரோவ் பீட்டில்னு ஒரு வகை. தமிழ்ல அதுக்குன்னு ஊர்ப்பேரு எனக்குத் தெரிஞ்சு இல்லை. சட்டையில ஊர்ந்தா எறும்புன்னு ஊதி விட்டுருவீங்க. ரவையை விடக் கொஞ்சம் நீளம். மத்த வண்டுக்கெல்லாம் ரெக்கை மூடி முதுகை முழுக்க மறைக்குமில்லீங்களா, இதுக்கு அரைச்சட்டைதான். வளர்ற பையன் போன தீபாவளிச் சட்டையைப் போட்ட மாதிரி வயிறு வெளியில கெடக்கும். பயந்துட்டா தேளு மாதிரி பின்னாடியைத் தூக்கும். நான் ஆராயற வண்டுக்குக் கொடுக்கும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சும்மா மிரட்டல்.

சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா அந்த வண்டுல ஒரு புது இனத்தைக் கண்டுபிடிச்சவன் உங்க பக்கத்துல உக்காந்திருக்கறேன். நெசமாத்தானுங்க. மேல சோலைக்காட்டுல, அதுலயும் ஒரே ஒரு சரிவுல இருக்கற இனம். அதுக்கு முந்தி யாரும் அதை எழுதி வெச்சதில்லை. எங்க தொழில்ல வழக்கம் என்னன்னா, பூச்சி பேரு, அதுக்குப் பின்னாலயே அதை விவரிச்சு எழுதுனவன் பேரு, அப்பறம் வருசம். எங்க எழுதுனாலும் சேத்துத்தான் எழுதுவாங்க. நான் செத்து என்ற பேரன் பேத்தியெல்லாம் செத்தாலும் தண்டபாணிங்கற பேரு அந்த வண்டு முதுகுல உக்காந்திருக்கும். பெரிய கொடுப்பினைங்க.

ஆனா ஒரு மனக்கஷ்டம் கூடவே வருது. கொலைப் பாவம். அந்த மாதிரிச் சின்ன வண்டைச் செத்ததை வெச்சுத்தான் விவரிக்க முடியும். ஆம்பளை வண்டாப் பாத்து வயித்தைப் பிரிச்சு, சொல்லக் கூச்சமா இருக்குது, அதோட உறுப்பைத் தனியா எடுத்துக் கண்ணாடியில ஒட்டிப் படம் வரையோணும். வெளியில பாத்தா கிட்டத்து உறவான ரெண்டு இனமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதைப் பாத்தாத்தான் வேற வேறன்னு தெரியும். எங்களுக்குக் கெடச்சது ஒரே ஒரு ஆணு. அப்பறம் எத்தனையோ தடவை போயும் இன்னொண்ணு கெடைக்கலை. ஒருவேளை அதுதான் கடைசியோ என்னமோ! அதைச் சாராயத்துல போட்டுச் சாகடிச்சுட்டமேன்னு மனசு அடிச்சுக்குதுங்க. பழனிக்குப் போய் மொட்டை போட்டேன். எதுக்கு மொட்டைன்னு ஊட்டுல கேட்டாங்க. வண்டுக்குன்னு சொன்னா விடுவாங்களா? சும்மா வேண்டுதலைன்னுட்டேன்.

என்னுங்க? என்ற கையால கொன்னனான்னு கேக்கறீங்களா?

அப்படிக் கேட்டா... கையால நானில்லீங்க. அரியநாச்சின்னு ஒரு பொண்ணு, என்ற ஆராய்ச்சி மாணவி. எலைக்குப்பையைச் சல்லடையில ஆட்டுனது அவ. பையைக் கட்டித் தொங்கவிட்டது அவ. நான் அன்னிக்குக் காட்டுக்குள்ள எறங்கலை, ஜீப்புலயே இருந்துட்டேன். அட்டைப்பூச்சி எனக்கு ஆகாதுங்க. ஆனா கட்டுரையில பேரு என்றதுதானே? பேரை எடுத்துக்கிட்டவன் பாவத்தையும் எடுத்துக்கோணுமில்லீங்களா. அதுல நான் நெம்ப நேர்மை. பாவம் பூராவும் எனக்கே இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன்.

நல்ல பொண்ணுங்க அவ. தாய் தகப்பன் ராமநாதபுரத்துப் பக்கம் இருந்து வந்து எஸ்டேட்டுல தேயிலை பறிச்சவங்க. பேரே அந்தச் சீமைப் பேரு. நான் அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். என்ற பொண்ணு மாதிரி. அவளும் "சார், சார்"னு நெம்ப மரியாதை. ஜீப்புல போறப்ப எனக்கு வயித்தைப் பொரட்டும்னு பையில எப்பவும் எலுமிச்சம்பழம் வெச்சிருப்பா. சும்மா எடுத்துக் குடுக்க மாட்டா. நகத்தால ஒரு கீறல் போட்டு, வாசம் கெளம்பற மாதிரி பண்ணித்தான் குடுப்பா. 

அது ஒரு ஐப்பசி. மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. சோலைக்குள்ள மக்குன எலையை அள்ளி, சல்லடையில ஆட்டி, அந்தத் தூளைத் துணிப்பையில கட்டித் தொங்க விடோணும். தூளு காயக் காய உள்ள இருக்கற பூச்சி ஈரத்தைத் தேடிக் கீழ எறங்கும். அடியில சாராயப் புட்டி. அந்த மழை முடியற வரைக்கும் இதே வேலையா இருந்தா. காலு ரெண்டும் அட்டை கடிச்சுப் புள்ளி புள்ளியா இருக்கும். ஒரு நாள் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சவ நிமிரவே இல்லை. "சார், இது நாம பாத்த எதுலயும் சேரலீங்க"ன்னா. "சேரும், நல்லாப் பாரு"ன்னேன். நான் அப்படிச் சொன்னதாலதானுங்க அவ நல்லாப் பாத்தா. வழிகாட்டின்னா அதுதானே வேலை? வெளிநாட்டு மியூசியத்துக்கெல்லாம் எழுதிப் படம் வாங்கி, ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்து, கடைசியில நெசமாலுமே புதுசுன்னு ஆயிருச்சு.

கட்டுரையையும் அவதான் எழுதுனா. நான் திருத்துனேன். ரெண்டு கமா போட்டேன்னு வெச்சுக்கங்களேன். படமெல்லாம் அவ வரைஞ்சது. மேல ரெண்டு பேரு போட்டிருந்தா, மொதல்ல அவ, அப்பறம் நான். வண்டுக்கு அந்த மலைச்சரிவோட பேரை வெக்கலாம்னு எழுதியிருந்தா.

இங்கதானுங்க எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நான் பெரிய மனசுக்காரன்னு நானே சொல்லிக்கக் கூடாது. ஆனா வேற எவனுக்காவது தோணுமா பாருங்க. மலை பேரை வெச்சு என்ன ஆகப் போகுது? மலைக்கு ஏற்கெனவே பேரு இருக்குது. இந்தப் பொண்ணு பேரை வெப்போம்! எஸ்டேட் லயத்து வீட்டுல பொறந்த பொண்ணு பேரு ஒலகம் பூராவும் போகட்டும்னு, அரியநாச்சிங்கற பேருக்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டி வெச்சுட்டேன். அவகிட்டச் சொல்லலை. சந்தோசமா அதிர்ச்சியாகட்டும்னுதான்.

எங்க தொழில்ல இன்னொரு வழக்கம் இருக்குதுங்க. எவனும் தன் பேரைத் தானே ஒரு இனத்துக்கு வெச்சுக்க மாட்டான். சட்டம் ஒண்ணும் தடுக்கலை. ஆனா தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கிட்ட மாதிரி, ஊரே சிரிக்கும். அதனால வண்டுக்கு அவ பேருன்னு ஆனப்பறம், எழுதுனவங்க வரிசையில அவ பேரு இருக்க முடியாதில்லீங்களா? எடுத்துட்டேன். எடுத்துத்தானே ஆகோணும்? கடைசிப் பக்கத்துல நன்றின்னு போட்டு, காட்டுவேலையில உதவி பண்ணுனதுக்குன்னு ஒரு வரி எழுதுனேன். மேல என்ற பேரு மட்டும் நின்னுச்சு.

அந்த வருசம் எனக்குப் பதவி உயர்வு நேரமுங்க. தனி ஒருத்தனா எழுதுன கட்டுரை ஒண்ணு இருந்தா நல்லதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. அது வேற விசயம்.

அச்சாகி வந்த அன்னிக்கு ஜாங்கிரி வாங்கிக்கிட்டுப் போய் அவகிட்டக் குடுத்தேன். மொதப் பக்கத்தைப் பாத்தா. "சார், என் பேரு இருக்குதுங்க"ன்னா. "ஆமா அம்மிணி, இனி எப்பவும் இருக்கும்"னேன். மறுபடி மொதப் பக்கத்தையே பாத்தா. அப்பறம் கடைசிப் பக்கத்துக்குப் போனா. அந்த ஒரு வரியைப் படிச்சிருப்பா. "நல்லதுங்க சார்"ன்னு சொல்லி ஜாங்கிரியை வாங்கித் தின்னா. தின்னு முடிச்சுக் கையைக் கழுவிட்டு வந்து, மைக்ராஸ்கோப்புக்கு உறையைப் போட்டு மூடிட்டுக் கெளம்பிப் போயிட்டா. அதுக்கப்பறம் வரவே இல்லை.

பட்டம் வாங்கோணும்னா தன் பேர்ல ஒரு கட்டுரையாச்சும் அச்சாகியிருக்கோணும்னு ஒரு விதி இருந்துச்சு. அவளுக்கு இது ஒண்ணுதான். பட்டத்துக்குக் குடுத்த தவணையும் முடிஞ்சு போச்சு. அதுவும் வேற விசயமுங்க.

ஏன் கோவிச்சுக்கிட்டான்னு நான் யோசிக்காத நாளில்லை. எனக்கு என்ன தோணுதுன்னா, பொம்பளைப்புள்ளை பேரை ஒரு அரைச்சட்டை வண்டுக்கு வெச்சுட்டேன் பாருங்க. பட்டாம்பூச்சியா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பா. எங்க டிபார்ட்மெண்ட்ல வேற கேலி. அரியநாச்சி, தண்டபாணின்னு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல வருதில்லீங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குதுன்னு ஒருத்தன் சொல்லிட்டான். அது அவ காதுல விழுந்திருக்கும். பாவம். அந்தக் குத்தம் எனக்கு உறுத்துதுங்க. அதுக்காகத்தான் அந்த வண்டைப் பெருசாப் படம் எடுத்து, கண்ணாடி போட்டுக் கொண்டாந்தேன். இந்தப் பையில இருக்குது பாருங்க. பெருசாக்கிப் பாத்தா அரக்கும் பொன்னுமா மின்னும். பாத்தான்னா மனசு மாறிருவா.

எப்பக் குடுக்கப் போறேன்னா கேக்கறீங்க?

மெதுவாப் பேசுங்க தம்பி. வெயிலுக்குன்னு சொன்னனே, அது பொய். அந்தக் குழாய் ஓரத்துல இருந்து பாருங்க. முன்னால, பொம்பளைங்க பக்கம், மூணாவது சீட்டு, ஜன்னலோரம். நீலச் சேலை. அவதான். நான் பின்பக்கமா ஏறுனேன், பாத்திருக்க மாட்டா. இந்த நேரத்துக்குக் கீழ போக இது ஒண்ணுதான் வண்டி. இவ இதுல வர்றது தெரிஞ்சிருந்தா, நான் போன எடத்துலயே தங்கிட்டு அவங்க ஜீப்புல காலையில வந்திருப்பேன்.

மேல ஒரு காட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்குதுங்க. பூச்சிப் பிரிவுக்கு ஒரு ஆளு எடுக்கறாங்க. நிரந்தர வேலை. பட்டம் இல்லாட்டிப் பரவாயில்லை, வேலை தெரிஞ்சாப் போதும்னுட்டாங்க. இன்னிக்குத்தான் நேர்காணல். பூச்சி தெரிஞ்ச வெளியாளுன்னு என்னை உக்கார வெச்சாங்க. அவ வர்றான்னு எனக்கு முன்னமே தெரியும். இந்த வருசம் விட்டா அவளுக்கு வயசு வரம்பு தாண்டிருதுங்க, இனிமே எங்கயும் விண்ணப்பிக்க முடியாது. இப்ப ஆழியாத்துல அண்ணன் ஊட்டுல இருந்துக்கிட்டு, டூரிஸ்ட் விடுதி ஒண்ணுல வர்றவங்களுக்கு ரூம் சாவி எடுத்துக் குடுக்கறா. இத்தனை படிச்ச பொண்ணு. எனக்கு வயிறெரியுதுங்க.

உள்ள வந்தா. என்னைப் பாத்தா. வணக்கமுங்க சார்னா. அங்க தலைவரு ஊர்மிளான்னு ஒரு அம்மா, பெரிய படிப்பாளி, கறாரானவங்க. கேள்வி மேல கேள்வி. இவ பதறாம பதில் சொல்றா. காட்டைப் பத்திக் கேட்டா காட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போற மாதிரி சொல்றா. எனக்கே பெருமையா இருந்துச்சு. கடைசியில அந்தம்மா, "புது இனம் ஏதாவது விவரிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க.

இவ சொன்னா, "இல்லீங்க மேடம். என் பேர்ல ஒரு வண்டு இருக்குதுங்க. நான் விவரிச்ச வண்டு எதுவும் இல்லீங்க."

அவ்வளவுதான். குத்திக் காட்டலை, குரல் ஒசத்தலை. ரூம் சாவி எடுத்துக் குடுக்கற மாதிரி எடுத்து வெச்சா.

அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "அப்படியா! யாரு வெச்ச பேரு?"ன்னாங்க. இவ என்னைக் கையைக் காட்டி, "சார்தானுங்க"ன்னா. ஒடனே எல்லாரும் என்ற பக்கம் திரும்பறாங்க. மாணவி பேரை வெச்சிருக்கீங்களே, என்ன பெருந்தன்மைங்கறாங்க. ஒருத்தர் கையே தட்டிட்டாரு. நான் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. சிரிச்சேன். கையைக் கூப்பிச் சிரிச்சேனுங்க. அவ அதைப் பாத்துக்கிட்டே இருந்தா.

அதுல இருந்துதான் சோறு எறங்கலை.

அவ போனப்பறம் ஊர்மிளா மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. "இன்னொரு பையனுக்கு நாலு கட்டுரை இருக்குது. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமில்லை, ஆனா வேலை தெரிஞ்சவ மாதிரி இருக்கா. நீங்கதான் வழிகாட்டி. அந்த வண்டு வேலையில இவளோட பங்கு என்ன? நெசத்தைச் சொல்லுங்க"ன்னாங்க. நான், "நல்ல பொண்ணுங்க, உழைப்பாளிங்க"ன்னேன். "அது போதாதே"ன்னு சொல்லிட்டு, "யோசிச்சு வைங்க, முடிவு பண்றதுக்கு முந்தி சாயங்காலம் கூப்பிடறேன்"னாங்க. இந்த மலையில சிக்னல் எங்க வருது? நல்லதாப் போச்சு. இல்லீங்க, நல்லதுங்கறது அந்த அர்த்தத்துல இல்லை.

நான் என்ன தப்பாங்க சொன்னேன்? நல்ல பொண்ணுங்கறதும் நெசம், உழைப்பாளிங்கறதும் நெசம். 

ஐயோ, என்ன வளைவு இது. டிரைவருக்கு வேண்டுதலை போல. தம்பி, ஜன்னலைத் தொறங்க, சித்த நேரம் பேசாம வர்றேன். கவர் இருக்குதுங்களா உங்ககிட்ட? இருக்கட்டும், அடக்கிக்கறேன். அவ காதுல விழுந்துரும், ஓங்கரிக்கற சத்தம்.

என்னது? எனக்கா? யாரு குடுத்தது? கண்டக்டருக்குக் காசு குடுத்து விடற மாதிரி கை மாத்திக் கை மாத்தி வந்துச்சா? கடைசி சீட்டுல இருக்கற சாருக்குன்னா சொன்னாங்க?

எலுமிச்சம்பழம்.

பாருங்க தம்பி. இங்க பாருங்க. நகக்கீறல் போட்டிருக்குது.

அப்ப அவளுக்குத் தெரியும். நான் ஏறுனப்பவே தெரிஞ்சிருக்குது. குழாய்க்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வர்றதும் தெரிஞ்சிருக்கும். திரும்பிக்கூடப் பாக்கலை பாருங்க. மலை ரோடுன்னா சாருக்கு ஆகாதுங்கறது மட்டும் ஞாபகம் இருந்திருக்குது.

இதுக்குத் திட்டியிருக்கலாமுங்க. மொளகா அரைச்சிருந்தாலும் தாங்கியிருப்பேன். பொண்ணு பேரைக் குடுத்தேன் குடுத்தேன்னு சொல்லிக்கிட்டு வர்றனே, அவகிட்ட இருந்து நான் என்ன எடுத்துக்கிட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலை. கேக்க மாட்டீங்க, மரியாதைக்காரரு. மேல அவ பேரு இருந்துச்சுங்க. நான்தான் அடிச்சேன். வழக்கம் வழக்கம்னு சொன்னேன். மலை பேரை வெச்சிருந்தா அந்த வழக்கமே குறுக்க வந்திருக்காது.

போனுங்க. அடிக்குது. சிக்னல் வந்திருச்சாட்ட இருக்குது. ஊர்மிளா மேடம். புடிங்க இந்தப் பழத்தை. வேண்டாம், என்ற கையிலயே இருக்கட்டும்.

ஹலோ? மேடமுங்களா, வணக்கமுங்க. பஸ்ஸுல வர்றேனுங்க. ஆமாங்க, யோசிச்சேனுங்க. அதாவதுங்க, அந்தக் கட்டுரையில... கேக்கலைங்களா? அந்தக் கட்டுரையில நானுங்க... சத்தமாவா? மேடம், கேக்குதுங்களா? கண்டுபிடிச்சது அவதானுங்க! அரியநாச்சிதான் கண்டுபிடிச்சா! படம் வரைஞ்சது அவ! பூராவும் எழுதுனது அவ! நான் காட்டுக்குள்ளயே எறங்கலைங்க மேடம்! அவ பேரைத் தூக்கிட்டு என்ற பேரைப் போட்டுக்கிட்டேன்!

அப்பாடா.

பாருங்க, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. பாக்கட்டும். உங்க குழாய் கூட இவ்வளவு சத்தம் போட்டிருக்காது, இல்லீங்களா? நெஞ்சுல இருந்து கல்லை எறக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க. வயிறு கூடச் சரியாயிருச்சு. பசிக்குது தம்பி, நெசமாலுமே பசிக்குது. பொள்ளாச்சி போன உடனே உங்களுக்கு ஒரு முட்டைப் பரோட்டா வாங்கித் தர்றேன், வேண்டாம்னு சொல்லக் கூடாது.

ஹலோ? மேடம்? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே. ஹலோ?

கட்டாகியிருக்குதுங்க. எப்பக் கட்டாச்சு? அந்த வளைவுலயே போயிருச்சா? எதுவரைக்கும் கேட்டுச்சோ.

இருங்க. அவ எந்திரிக்கறா. ஆழியாறு வந்திருச்சு. இங்கதான் வர்றா. வா அம்மிணி. என்னது? அவங்களுக்குக் கேட்டுச்சான்னா கேக்கறே? கேட்டிருக்கும் அம்மிணி. கேக்காம என்ன. நான் அவ்வளவு சத்தமாச் சொன்னனே, நீயே கேட்டிருப்பே. சரி, சரி, பாத்து எறங்கு. பை பத்திரம்.

பாத்தீங்களா தம்பி, அவ மூஞ்சி. சிரிக்கலை. ஆனா அந்த மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு நிமிராம இருந்த அன்னிக்கு ஒரு முகம் இருந்துச்சு, அது தெரிஞ்சுது. சாமி, எனக்கு அது போதும். ஐயையோ, படத்தைக் குடுக்க மறந்துட்டேன். பையிலயே இருக்குது. போகட்டும், இன்னொரு நாள்.

எறங்கிட்டா. போகாம ரோட்டோரத்துல நிக்கறா பாருங்க. இந்த ஜன்னலைத்தான் பாக்கறா. டிரைவரு டீக்குப் போயிட்டாரு போல.

மறுபடி போனு. அவங்கதான். எடுக்கறேன், எடுக்கறேன். நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சொல்லுங்க மேடம். ஆமாங்க, கட்டாயிருச்சுங்க, மலையில்லீங்களா. என்னமோ "அவதான்"னு கேட்டுச்சுங்களா? அது வந்துங்க... ஆமாங்க, அந்தக் கட்டுரை பத்தித்தானுங்க. எழுதுனவங்க பேர்ல தப்பு இருந்தா பத்திரிகைக்கு எழுதித் திருத்தம் போடச் சொல்லோணுமுங்களா? நீங்களே எழுதுவீங்களா? காலேஜுக்கும் தெரியப்படுத்தோணுமுங்களா. இல்லீங்க மேடம், இல்லீங்க இல்லீங்க, தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவதான் நல்ல பொண்ணுன்னு சொன்னேனுங்க. உழைப்பாளிங்க. ஆமாங்க, காட்டுவேலையில உதவி பண்ணுனா. கட்டுரையிலயே போட்டிருக்குதுங்களே. சரிங்க மேடம். அந்தப் பையனையே போட்டுருங்க. வெச்சர்றேனுங்க.

வண்டி கெளம்பிருச்சு. கையைக் காட்டறா பாருங்க. நானும் காட்டோணுமில்லீங்களா. எலுமிச்சம்பழத்தோடயே காட்டறேன்.

ஒரு தடவை சொன்னேனுங்களே தம்பி. நீங்களே சாட்சி, பஸ்ஸே சாட்சி. போனு கட்டானதுக்கு நான் என்ன பண்றது? 

அந்தக் குழாயை மறுபடி இப்படித் திருப்பி வைங்க. வெயில் அடிக்குது.

ஏனுங்க தம்பி, எந்திரிச்சுட்டீங்க? குழாயை எங்க தூக்கறீங்க? முன்னால எடம் இருந்தா இருக்கட்டுமுங்க, இங்கயே உக்காருங்க. பொள்ளாச்சி இன்னும் வரலீங்களே.